திரும்பி வந்தவனும் தேடித் திரிந்தவளும்

கொட்டாஞ்சேனை
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

போன் எடுக்க வேண்டாம் என்று அத்தான் சொல்லி அனுப்பினார். என் குரலைக் கேட்டாலே உங்கள் கை கழுத்துக்குப் போகிறதாம். அதனால் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பிலும் எழுதலாம்தான். ஆனால் நீங்கள் படித்துவிட்டதை அது காட்டும், பதில் வராது, நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடிதம் என்றால் கிடைத்ததா என்றுகூடத் தெரியாது. அது எனக்கு லேசு.

செபஸ்தியன் என்ற ஒருவருடைய வீட்டு மேல் அறையில் இருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் கண்ணாடிக் கடை முதலாளி பாயிஸ் நானாதான் பேசிப் பிடித்துத் தந்தார். வேலை அப்படியே இருக்கிறது. கப்பல் ஊதினால் ஜன்னல் அதிர்கிறது. முதல் சில நாட்கள் அதற்கும் திடுக்கிட்டு எழும்பி நின்றேன்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். அந்தச் சொல் போதாது. என் கண் திறந்துதான் இருந்தது என்று அத்தான் சொன்னார். இருக்கலாம். ஆனால் நான் கண்டது உங்களை அல்ல.

ஒரு செய்தி. உளவளத்துணைக்கு, கவுன்சலிங் என்பார்களே அதற்கு, போகத் தொடங்கியிருக்கிறேன். பஸ்லா என்று ஒரு மிஸ். இரண்டாயிரத்து எட்டில் வெள்ளவத்தை பஸ் நிலையத்தில் வைத்து என்னை ஒரு வான் வண்டிக்குள் இழுத்து ஏற்றியதையும், எட்டு மாதம் கழித்து எங்கோ ஒரு சந்தியில் இறக்கிவிட்டதையும் அவரிடம் சொன்னேன். இந்த இரண்டு வரியைத்தான் சொன்னேன். அதற்கே ஒரு மணி நேரம் போனது. வீட்டுக்கு வெளியே ஒரு ஆளிடம் நான் அதைச் சொன்னது இதுதான் முதல்.

தம்பி
தனஞ்சயன்


வெள்ளவத்தை
17 மார்ச் 2025

தம்பி,

கடிதம் கிடைத்தது.

அத்தான் உன்னை வீட்டை விட்டு அனுப்பியதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அனுப்பச் சொன்னது நான். "இனி அவனோட ஒரு வீட்டில படுக்க எனக்கு ஏலாதப்பா" என்றேன். அவர் போய் உன் உடுப்புகளை அடுக்கினார். அவர்மேல் கோபம் வைக்காதே.

அந்த ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணீர் கொண்டுவந்து, தூங்கிக்கொண்டிருந்த உன் தோளைத் தொட்டேன். அவ்வளவுதான் நான் செய்த பிழை. அதற்குப் பிறகு அத்தான் என் கழுத்திலிருந்து உன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும்வரை எனக்கு மூச்சு வரவில்லை. இரண்டு கிழமை, பதினாலு நாளும், கழுத்து மூடிய சட்டை போட்டுக்கொண்டு இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். இந்த வெயிலில் ஏன் இப்படி என்று கேட்டவர்களிடம் சளி, தடிமன் என்று சொன்னேன்.

அந்த மிஸ்ஸிடம் உன் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தாயா? நீ சொல்வதை அவர் எழுதுகிறாரா? எழுதிய தாள் எங்கே போகிறது? காலம் மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆவணியில் அம்மாவின் திவசம். நீ வருவாயா, மாட்டாயா என்று ஐயருக்குச் சொல்ல வேண்டும். நான் உன்னை வா என்று கூப்பிடவில்லை. ஐயர் கேட்கிறார், அதனால் எழுதுகிறேன்.

ஹம்சிகா


கொட்டாஞ்சேனை
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுகிறார்தான். என் முன்னால் இருந்துதான் எழுதுகிறார். எல்லாம் முடிந்த பிறகு அந்தத் தாள்களை என் கையிலேயே தந்துவிடுவாராம். பெயர்கூட முழுதாகப் போடவில்லை.

தோளைத் தொட்டது பிழை என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை இல்லை. உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அம்மா என்னை ஒரு நாளும் தொட்டு எழுப்பியதில்லை. வாசலில் நின்று பெயரைச் சொல்வார். "தனஞ்சயன், இண்டைக்கு வியாழக்கிழமை. கத்தரிக்காய்க் கறி வைச்சிருக்கிறன். மழை வரப் பாக்குது." நான் கண்ணைத் திறந்து பதில் சொன்ன பிறகுதான் உள்ளே வருவார். இதை நாங்கள் இருவரும் கதைத்து முடிவு செய்யவில்லை. அவர் போன பிறகு வீட்டில் இதைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எனக்கும் அது நினைவில் இல்லை. பஸ்லா மிஸ் கேட்டபோதுதான் வந்தது.

அவர் ஒன்று சொன்னார். அவருடைய பேச்சிலேயே எழுதுகிறேன், 'இருக்கும்' என்பதை 'ஈக்கும்' என்பார்: "சும்மா நடந்த விசயத்துக்கு ஒரு திகதி ஈக்கும், எடம் ஈக்கும். பயங்கரமா நடந்தது அப்பிடி இல்ல. வாடை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம், நோவு ஒரு பக்கம் எண்டு துண்டு துண்டா கெடக்கும். திகதி இல்லாததால உங்கட ஒடம்பு அத இப்ப நடக்குது எண்டு நெனைக்குது. நாங்க அதுக்கு ஒரு திகதி போடப் போறம். அவ்வளவுதான்."

தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போட்டார். ஒரு முனை நான் பிறந்த நாள். மற்ற முனை சுருட்டி வைத்திருந்தது, அது இன்னும் வராத காலம். கெட்டது நடந்த இடத்தில் கல் வைக்க வேண்டும், நல்லது நடந்த இடத்தில் துணிப் பூ. கல்லை எல்லாம் சுறுக்காக வைத்துவிட்டேன். பூவைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை அக்கா. சந்தோஷமாக இருந்திருப்போம்தானே? உங்களுக்கு ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள்.

தனஞ்சயன்


வெள்ளவத்தை
15 ஏப்ரல் 2025

தம்பி,

வருஷப்பிறப்புக்குச் சமைத்தது பாதி மிஞ்சிவிட்டது. இரண்டு பேருக்குச் சமைக்க இன்னும் பழகவில்லை.

பூ கேட்டாய். நீ ஏ.எல். பரீட்சை எழுதி முடித்த அன்று மூன்று பேரும் ரயிலில் கல்கிசைக்குப் போனோம். அம்மா குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அலையில் போட்டது. நீ பின்னால் ஓடினாய். குடை போனதே என்று அம்மா திட்டத் தொடங்கி, பாதியில் சிரிப்பு வந்து, மணலில் இருந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பிறகு காணவில்லை.

வானுக்குப் பிந்திய காலத்திலும் பூ வைக்கலாமா? வைக்கலாம் என்றால் என் கலியாண நாளை வை. படம் பிடிக்க வந்தவனுக்குக் காய்ச்சல் என்று நீயே கமெராவை வாங்கிக்கொண்டு திரிந்தாய். பாதிப் படத்தில் எனக்குத் தலை இல்லை. நானும் அத்தானும் இன்றைக்கும் எடுத்துப் பார்த்துச் சிரிப்போம்.

போதும். உனக்குக் கயிறு போட்டு, பக்கத்தில் இருந்து கேட்க ஒரு ஆள் கிடைத்திருக்கிறார். நல்லது. எனக்கு இன்னும் பாத்திரம் கழுவி முடிந்த பாடில்லை.

ஹம்சிகா


கொட்டாஞ்சேனை
11 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பூவையும் வைத்தேன். குடை எனக்கும் ஞாபகம் வந்தது. அது சிவப்பு, இல்லையா?

போன கிழமை வானைப் பற்றிச் சொல்ல வேண்டிய முறை. உங்களுக்கு முழுதும் எழுதமாட்டேன். தரையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பில் என் முகத்தை அழுத்திப் பிடித்திருந்தார்கள். அந்த வாடையைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குப் பிறகு நான் அந்த அறையில் இல்லை. பஸ்லா மிஸ்ஸின் குரல் மட்டும் தூரத்தில் கேட்டது.

"தனஞ்சயன், அப்ப என்ன மணத்தது?"

"ரப்பர்."

"இப்ப என்ன மணக்குது? இந்தாங்க, இத மோந்து பாருங்க."

கையில் வெட்டிய தேசிக்காய் ஒன்றைத் தந்தார். மோந்தேன், எலுமிச்சை மணம். ஜன்னல் தெரிந்தது, அவருடைய முகம் தெரிந்தது. திரும்பவும் சொன்னேன், திரும்பவும் போனேன், திரும்பவும் தேசிக்காய். அன்று முழுக்க அதுதான் நடந்தது.

வரும்போது ஆட்டோ பிடித்தேன். அதிலும் கீழே ரப்பர் விரிப்பு. பாதி வழியில் இறங்கி வாய்க்கால் ஓரமாகக் குனிந்து, தின்றதெல்லாம் சத்தி எடுத்தேன். டிரைவர் காசு வாங்கவில்லை. "அசனீபத மல்லி?" என்று சிங்களத்தில் சுகம் விசாரித்துக்கொண்டு முதுகைத் தடவ வந்தான். "தொட வேண்டாம்" என்று தமிழில் கத்தினேன். பாவம், பயந்துவிட்டான்.

அதற்குப் பிறகு கடைக்குப் போகவில்லை. இந்த நிலையில் கண்ணாடி வெட்ட முடியாது. தொடக்கத்தில் கூடும், பிறகு குறையும் என்று மிஸ் முதலிலேயே சொல்லியிருந்தார். கேட்டுத் தலையாட்டினேன். இப்போது விட்டுவிடலாம் போல இருக்கிறது.

தனஞ்சயன்


வெள்ளவத்தை
16 மே 2025

தம்பி,

விட்டுவிடு.

அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு போகாத இடம் இல்லை. ஒரு டொக்டர் குளிசை தந்தார், நீ நாள் முழுக்கத் தூங்கினாய். இன்னொருவர் உன்னைக் கனடாவுக்கு அனுப்பச் சொன்னார். ஜிந்துப்பிட்டி முருகனுக்கு அம்மா எத்தனை வெள்ளிக்கிழமை நடந்தார் என்று உனக்குத் தெரியாது. அவர்கள் யாரும் உன்னை வாய்க்கால் ஓரத்தில் சத்தி எடுக்க வைக்கவில்லை. இத்தனை வருஷம் மூடிக் கிடந்ததை ஏன் இந்தப் பெண் கிண்டுகிறார்? அவருக்கு அது வேலை. ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அத்தானிடம் புட்டும் மீன் குழம்பும் கொடுத்துவிடுகிறேன். சாப்பிடு. பாத்திரத்தை அவரிடமே கொடுத்துவிடு.

ஹம்சிகா


கொட்டாஞ்சேனை
8 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் வந்தார். செபஸ்தியன் அங்கிளின் கதிரையில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் பயந்துபோனன் தனஞ்சயன். உன்னில கோவம் ஒண்டும் இல்ல. பயந்துபோனன், அவ்வளவுதான்" என்றார். "ஓம் அத்தான்" என்றேன். போகும்போது அந்த ஒடுங்கிய படியில் தலையை இடித்துக்கொண்டார்.

நீங்கள் எழுதியதைப் பஸ்லா மிஸ்ஸிடம் அப்படியே சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அக்கா சொல்றதும் சரிதான். நிப்பாட்டுறது உங்கட விருப்பம். ஆனா இதில நிப்பாட்டினா நீங்க வானுக்குள்ளேயே நிண்டுருவீங்க. எறங்குற வரைக்கும் போவமா?" என்றார். ஒரு கிழமை யோசித்துவிட்டுப் போனேன்.

இறங்கிவிட்டேன் அக்கா. அந்த அறை, அந்த ஆட்கள், அந்த மாதங்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, அந்தச் சந்தி வரை வந்து, பாண் ரொட்டி விற்கிற ஒரு மனிதன் எனக்குத் தண்ணீர் தந்தது வரை சொல்லி முடித்தேன். ஒவ்வொரு முறையும் போன தடவை சொன்னதை அவர் வாசித்துக் காட்டுவார். ஒரு நாள் இடையில் நிறுத்தி, "அது மத்தியானம் இல்ல மிஸ், காலமை. வெயில் மற்றப் பக்கத்தால வந்தது" என்றேன். அவர் வெட்டித் திருத்தி எழுதினார். கனவில் நான் ஒன்றையும் திருத்தியதில்லை.

இப்போது நேற்றைக்கு நடந்தது போல இல்லை. எனக்கு நடந்தது போலத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டாயிரத்து எட்டில். நல்லாய்விட்டது என்று சொல்லமாட்டேன். இரவில் இன்னும் எழும்புகிறேன். எழும்பினால் எங்கே இருக்கிறேன் என்று தெரிகிறது.

ஜூலையில் கடைசி நாள். எழுதியதை முழுதாக வாசிப்பார்கள். விரும்பினால் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிவரலாம். நீங்கள் வருவீர்களா?

தனஞ்சயன்


வெள்ளவத்தை
22 ஜூன் 2025

தம்பி,

வரமாட்டேன்.

காரணம் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். விட்டால் நீ வேறு ஏதோ நினைப்பாய்.

நீ இல்லாத எட்டு மாதமும், உனக்கு என்ன செய்கிறார்களோ என்று நினைக்காத பொழுது எனக்கு இல்லை. பஸ்ஸில் நின்றபடி நினைத்தேன், சோறு பிசையும்போது நினைத்தேன். நானே நினைத்துக் கட்டிய ஒரு கதை என்னிடம் முழுதாக இருக்கிறது. உன்னுடையது அதைவிடக் குறைவாக இருந்தால் நான் வீணாகச் செத்திருக்கிறேன். கூடவாக இருந்தால் இரண்டையும் சுமக்க வேண்டும். எனக்கு ஏலாது.

நீ திரும்பி வந்த அன்று எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும். நான் எங்கும் போகவில்லையே, வீட்டில்தானே இருந்தேன்.

அம்மாவும் நானும் உன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸ், முகாம், அலுவலகம் என்று திரிந்தது உனக்குத் தெரியும். ஒரு தடவை பிரேத அறைக்கு வரச் சொன்னார்கள். அது உனக்குத் தெரியாது. அம்மாவை வெளியே பலகை வாங்கில் இருத்திவிட்டு நான் உள்ளே போனேன். முகத்தைப் பார்க்காதே, பார்த்தாலும் உனக்கு அடையாளம் தெரியாது, காலைப் பார் என்று அங்கே நின்ற மனிதர் சிங்களத்தில் சொன்னார். இரக்கத்தோடுதான் சொன்னார். துணியைக் கீழ்ப்பக்கம் மட்டும் தூக்கினார். உனக்கு இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். அந்தக் காலில் அப்படி இல்லை. நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன. யார் பெற்ற பிள்ளையோ, நகம் வெட்டிக்கொண்டு வீட்டிலிருந்து வெளிக்கிட்டிருக்கிறான்.

வெளியே வந்து, "இல்லையம்மா" என்றேன். உடனே எனக்குப் பசித்தது. முன்னால் இருந்த கடையில் மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கினோம். எனக்குப் பின்னால் உள்ளே போன தாய் கத்தியது றோட்டு வரை கேட்டது. நான் இரண்டாவது பணிஸையும் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து ஆண்களின் வெறுங்காலை எனக்குப் பார்க்க முடியாது. நீ வந்த கிழமை, வீட்டுக்குள் காலுறை போடு என்று உன்னோடு கத்தினேனே. நிலம் ஊத்தையாகிறது என்று காரணம் சொன்னேன். நீ போட்டாய். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அத்தானும் போடுகிறார். ஏன் என்று அவர் கேட்டதில்லை.

உனக்கு இதை எழுத வேண்டும் என்று பேனையை எடுக்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

ஹம்சிகா


கொட்டாஞ்சேனை
29 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடையின் பின்பக்கம் நின்று வாசித்தேன். பாயிஸ் நானா இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை.

என் கதையை நீங்கள் கேட்க வேண்டாம். இனி நானும் வரச் சொல்லமாட்டேன். கடைசி நாளுக்குத் தனியாகப் போகிறேன். அதுவும் நல்லதுதான்.

நீங்கள் எழுதியதை யாருக்கும் சொல்லவில்லை. பஸ்லா மிஸ்ஸிடம் பொதுவாக ஒன்று மட்டும் கேட்டேன், தேடித் திரிந்தவர்களுக்கும் எனக்கு வந்தது போல இந்த வருத்தம் வருமா என்று. "வராம? அவங்கள்ட ஆரும் கேக்கிறதில்ல, அதுதான் வித்தியாசம்" என்றார். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியிருக்கும்; ஒரே வீட்டில் இரண்டு பேரைத் தான் பார்ப்பது சரியில்லை என்று ஹெவ்லொக் டவுனில் இருக்கும் ஸ்ரீலேகா என்ற இன்னொரு உளவளத்துணையாளரின் போன் இலக்கத்தைத் தந்தார். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வேண்டாம் என்றால் வெட்டி எறிந்துவிடுங்கள்.

இன்னொன்று. திவசத்துக்கு வருவதா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் குடியிருக்க இனி அங்கே வரமாட்டேன். கோபத்தில் எழுதவில்லை. இங்கே கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தால், என்னால் யாருக்கும் ஒன்றும் நடக்காது என்ற நினைப்போடு படுக்கலாம்.

தனஞ்சயன்


வெள்ளவத்தை
10 ஆகஸ்ட் 2025

தம்பி,

இலக்கத்தை வெட்டி எறியவில்லை. கைப்பையில் கிடந்தது.

முதல் தடவை வாசல் கேற் வரை போய்விட்டுத் திரும்பி பஸ் ஏறினேன். அடுத்த தடவை உள்ளே போனேன். ஸ்ரீலேகாவுக்கு என்னைவிட வயது குறைவு. அலுவலகம், அம்மாவின் நோய், லிஃப்ட் வேலை செய்யாதது என்று நான் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே இருந்தேன். அவர் இடையில் புகவில்லை. கடைசியில், "இப்ப உங்களுக்கு என்ன வேணும் அக்கா?" என்று கேட்டார்.

"களைப்பா இருக்கு" என்றேன்.

"எப்ப இருந்து?"

"எனக்கு ஒண்டும் நடக்கேல்ல. தம்பிக்குத்தான் நடந்தது" என்றேன்.

"நீங்கள் பாத்தனீங்கள்தானே," என்றார். என்னத்தைப் பார்த்தேன் என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவே இல்லை. வேறு எதையோ நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அங்கேயே அழுதேன். அதைச் சொல்ல இப்போது அவசரமில்லையாம். முதலில் நித்திரையைப் பார்ப்போம் என்கிறார். அடுத்த கிழமையும் போவேன் என்று நினைக்கிறேன்.

திவசத்துக்கு வா. காலையில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ. அத்தான் உன் பக்கத்தில் இருப்பார். நீ கிட்ட வந்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அதை என் முகத்தில் கண்டால் கோபிக்காதே. நீ கெட்டவன் என்று நினைத்து வருகிற பயமல்ல அது. என் உடம்புக்கும் இன்னும் திகதி தெரியவில்லை.

அக்கா


வெள்ளவத்தை
7 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ பிண்டம் வைத்தபோது நான் குசினி அடுப்படியில்தான் நின்றேன். சட்டையைக் கழற்றி, வெறுங்காலோடு ஐயர் முன்னால் இருப்பாய் என்று தெரியும். பார்க்கவில்லை. பார்த்தேன் என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். ஐயர் அம்மாவின் பெயரைச் சொல்லச் சொன்னதும் நீ சரோஜினிதேவி என்று சொன்னது கேட்டது. உன் குரல் நடுங்கவில்லை.

சாப்பிடும்போது எனக்கும் உனக்கும் நடுவில் அத்தான் இருந்தது உனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். நீ ஒன்றும் காட்டவில்லை. பருப்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாய். நான் கரண்டியை நீட்டியபோது என் கை ஆடியது. நீ தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாய். அதைக் கவனித்தேன்.

நீ போன பிறகு உடுத்த சேலையோடு கட்டிலில் இருந்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பிப் பாத்திரம் கழுவுவோம் என்றுதான் இருந்தேன். கண் திறந்தபோது வெளிச்சமாக இருந்தது. காலையா பின்னேரமா என்று தெரியவில்லை. அத்தான் வாசலில் நின்று, அடுத்த நாள் பத்து மணி என்றார். எல்லாப் பாத்திரமும் கழுவி அடுக்கியிருந்தார், எல்லாம் பிழையான இடத்தில். அலுவலகத்துக்கும் போன் எடுத்து எனக்குச் சுகமில்லை என்று சொல்லியிருந்தார். இத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு லீவு எடுத்ததில்லை. பொய் சொல்லிவிட்டீர்களே என்று அவரைக் கேட்க வாயெடுத்தேன். பிறகு கேட்கவில்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மத்தியானம் கடையில் சோறு எடுத்தோம். சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் தூங்கினேன்.

இதற்குப் பதில் எழுத அவசரப்படாதே. வேலை முடிந்து களைத்து வந்திருப்பாய். நீயும் படு, தம்பி.

அக்கா